கெர்னக் விட்டுவைத்த எழுத்து

என் தாய்மாமன் கெர்னக் எங்கள் தீவில் கல்லறைக் கல் வெட்டுகிறவர். அம்மா லஸ்ஸருக்கு மூத்தவர்; தாத்தா ஃபியக்ராவின் முதல் தாரத்துப் பிள்ளை. சிலுவையை முன்கூட்டியே கொத்தி வைத்துவிடுவார். பெயரை மட்டும் உடம்பு மண்ணுக்குள் போன பிறகுதான் வெட்டுவார். கல்லைக் கடக்கிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபிப்பார்கள், ஆன்மா பரலோகத்துக்குக் கிளம்பிவிடும். உயிரோடிருக்கிறவன் பெயர் என்றாலும் கிளம்பிவிடும் என்று எங்களுக்குப் பயம்.

அப்பா எர்க் கடல்நாய் வேட்டைக்குப் போனவர் திரும்பவில்லை. அவருடைய தோல்படகு மட்டும் கவிழ்ந்து கரை ஒதுங்கியது.

"பேர வெட்டுண்ணே. ஒரு ஜெபமும் கிடைக்காம தண்ணில கிடக்காரே," என்று அம்மா அழுதாள்.

"உடம்பு வரட்டும் லஸ்ஸர்."

"மீனு தின்ன உடம்பு எங்கேர்ந்துண்ணே வரும்?"

மாமா மனசில்லாமல் வெட்டினார். ஊரே ஜெபித்தது.

குளிர் முடிந்ததும் அப்பா நடந்து வந்தார். வடக்கத்திக் கொள்ளைக்காரர்கள் பிடித்துப்போய்த் துடுப்புப் போட வைத்திருந்தார்களாம், தப்பி வந்திருக்கிறார். எங்கள் நாய் குரைக்கவும் இல்லை, வாலாட்டவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு விலகிக்கொண்டாள்.

"என்ன மச்சான், நெஞ்சு மேல கல்லத் தூக்கி வச்சிட்டியாமே? எந்திரிச்சு வர்றதுக்குள்ள முதுகு போச்சு!"

மாமாவிடம் இப்படிக் கேட்டுவிட்டு அப்பா மட்டும்தான் சிரித்தார். பிறகு அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஆள் கரைந்துகொண்டே போனார்.

மாமா மடத்துச் சாமியாரிடம் ஓடினார். "அந்தப் பேர எடுத்துடலாமா சாமி?"

"எடுக்கலாம். ஆனா ஜெபம் வாங்கின கல்லு சும்மா நிக்காது கெர்னக். இன்னொரு பேரக் கேக்கும்."

மாமா அப்பாவின் பெயரைத் தேய்த்து எடுத்தார். அந்த இடத்தில் தன் பெயரையே வெட்டினார், கடைசி எழுத்தை மட்டும் விட்டுவிட்டு; முழுசாகாத பெயருக்கு ஜெபம் கிடையாது. அப்பா சாப்பிட ஆரம்பித்தார்.

"ஏன்யா, பாதி செத்தவரே, மிச்சத்தையும் வெட்டிடுங்களேன்," என்று ஊரில் சீண்டுவார்கள்.

"என்ன அவசரம்? உன் கல்ல முதல்ல முடிக்கட்டுமா?" என்பார் மாமா. ஆனால் உளி எப்போதும் இடுப்பிலேயே இருந்தது.

அறுவடைக்கு முன்னால் வடக்கே கொள்ளைக்காரர்களின் கப்பல் பாய்கள் தெரிந்தன. எல்லாரும் குகைக்கு ஓடினோம். அப்பா மட்டும் பாறைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"என்னைத் தேடித்தான் வர்றாங்க மச்சான். நான் வரல."

"உன் பேரு எங்கேயும் இல்ல மாப்பிள்ளே. எந்திரி!"

அவரை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு மாமா கல்லறைப் பக்கம் நடந்தார். குகை வரைக்கும் அவருடைய உளிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கொள்ளைக்காரர்களின் காலடிகள் எங்களைத் தாண்டி அந்தச் சத்தத்தை நோக்கிப் போயின. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சத்தம் நின்றது.

பாய்கள் வடக்கே திரும்பிய பிறகு நாங்கள் வெளியே வந்தபோது கல்லில் மாமாவின் பெயர் முழுசாக இருந்தது. அதன் கீழே மாமா வெட்டுப்பட்டுக் கிடந்தார். அப்பாதான் குழி தோண்டினார்.

அப்பா நரைத்து, பல் போய், படுக்கையில்தான் செத்தார். அதுவரை அந்தக் கல்லருகே மாமா பெயரைச் சொல்லி ஜெபிக்காத நாளில்லை. ஜெபித்து முடித்ததும் கடலை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொள்வார்.