பன்றி மேல் பெரட்டுக்கு வந்தவர்

என் அப்பா சீனிவாசன் வாழ்நாளில் ஒரே ஒரு பெரிய மீன்தான் பிடித்தார். ஒரே ஒரு காட்டுப் பன்றியைத்தான் நேருக்கு நேர் பார்த்தார். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பேசினார். கேட்டவர்கள் யாரும் அலுத்துப்போனதாக எனக்கு நினைவில்லை, என்னைத் தவிர.

அவர் பிறந்தது ஆயர் தாவார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். பதினாறு வயதில் பால் மரம் சீவப் போனார். விடியற்காலைப் பெரட்டில் கிராணி, தோட்டத்துக் கணக்கர், பேர் வாசிக்கும்போது வந்து நின்றால்தான் அன்றைய கூலி. தோட்டம் செம்பனைக்கு மாறியபோது ஈப்போவுக்கு வந்து, சிலிபினில் வீடு பிடித்தார். இருபத்தாறு ஆண்டுகள் சிமெண்டு லாரி ஓட்டினார். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் காவலாளி. இறப்புப் பத்திரத்துக்காக விவரம் கேட்ட அதிகாரியிடம் இவ்வளவுதான் சொன்னேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

நான் பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிறேன். தராசு, அளவுகோல், வெப்பமானி. ஒவ்வொன்றும் எவ்வளவு பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்துச் சான்றிதழ் எழுதுவது என் வேலை. பதினான்கு ஆண்டுகளாகச் செய்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா சந்தைக்குப் போய்விட்டு முகமது இப்ராஹிம் மாமாவின் சாப்பாட்டுக் கடையில் உட்காருவார். சின்ன வயதில் ரொட்டி சானாய்க்காக நானும் கூடப் போவேன். தோட்டத்திலிருந்தே அப்பாவோடு இருந்த நவமணி மாமா எதிரே இருப்பார். கல்லாவில் இருக்க வேண்டிய இப்ராஹிம் மாமா மேசைக்கு வந்துவிடுவார். பன்றிக் கதையை அப்பா இப்படித்தான் சொல்வார்:

"விடியறதுக்கு முன்னாடி. பன்னி மரவள்ளியத் தோண்டிக்கிட்டு நிக்குது. நம்ம கையில வேல்கம்பு. கூட நாயி நாலு. பன்னி திரும்பிச்சு. நாயி நாலும் என்னயப் பாத்துச்சு. நீ முன்னாடி போலான்னு பாத்துச்சு."

"நாயிக்கு அறிவு இருக்கு மச்சான்," என்பார் நவமணி மாமா.

"வேல்கம்பப் போட்டுட்டு மரத்துல ஏறிட்டேன். அவசரத்துல பாக்கல, கன்னு மரம். என் பாரம் தாங்கல. வளையுது. வளைஞ்சு, வளைஞ்சு, மெதுவா, மரியாதையா, கொண்டுபோயி பன்னி முதுகுல எறக்கி விட்டுருச்சு. அது எடுத்துச்சு பாரு ஓட்டம்! மூணு தீம்பார் ரப்பர்க் காடு தாண்டி, காவாயத் தாண்டி, நேரா பெரட்டுக் களத்துல வந்து நின்னுருச்சு. கிராணி பேரு வாசிக்கிறாரு. தலை நிமிரல. 'சீனி'ன்னாரு. 'வந்துட்டேன் ஐயா'ன்னேன். பேரு போட்டுட்டாரு. அப்பறந்தான் நிமிந்தாரு."

இங்கே அப்பா நிறுத்துவார். தேநீரை ஒரு வாய் குடிப்பார். இப்ராஹிம் மாமா தன் குவளையைக் கீழே வைத்துவிடுவார், சிந்திவிடும் என்று. அடுத்து வரப்போவது அவருக்கு மனப்பாடம். இருந்தும் வைப்பார்.

"'கூட யாருடா, புது ஆளா?'ன்னாரு."

மேசை அதிரும். பக்கத்து மேசையில் சீனக் கிழவர் ஒருவர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாதவர், அவரும் சிரிப்பார்.

மீன் கதை கோப்பெங் பக்கத்தில் நடந்தது. கைவிடப்பட்ட லம்பம், ஈயம் தோண்டிய பள்ளத்தில் தேங்கிய குளம். தூண்டில் நூலை மோட்டார் சைக்கிளில் கட்டிவிட்டு அப்பா நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்திருக்கிறார். தோமான் மீன் ஒன்று கடித்து, மோட்டார் சைக்கிளையே குளத்துக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. போலீஸ் நிலையத்தில் புகார் கொடுக்கப் போனால், எழுதிக்கொண்டிருந்த சார்ஜன், திருடனின் ஐசி அட்டை நம்பர் தெரியுமா என்று கேட்டிருக்கிறார். தெரியாது, ஆனால் அவன் வீடு தெரியும் என்று அப்பா சொன்னாராம். மறுநாள் சார்ஜனையும் கூட்டிக்கொண்டு போய் அதே மீனைப் பிடித்தாராம்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த மீன் எட்டுக் கிலோ. நான் படிவம் மூன்று படிக்கையில் பன்னிரண்டு. பட்டம் வாங்கிய ஆண்டு பதினெட்டு.

எனக்கு அது எரிச்சலாக இருந்தது. அப்பா பெருமையடிக்கிறார் என்று நினைத்தேன். இப்போது அந்தக் கதைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். ஒன்றில்கூட அவர் ஜெயிக்கவில்லை. மரம் அவரைக் கைவிட்டது, நாய்கள் கைவிட்டன, மோட்டார் சைக்கிள் குளத்துக்குள் போனது. மீனைப் பிடித்த கதையில்கூட, பிடித்தபின் சார்ஜன் அதைச் சாட்சிப் பொருள் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விடுவார். மீன் வளர வளர அப்பா சின்னவராகிக்கொண்டே வந்தார். எட்டுக் கிலோ மீனிடம் ஏமாந்தால் அது சாதாரண விஷயம். பதினெட்டுக் கிலோ என்றால் கேட்பவனுக்குத் தன் வாரத்துத் தோல்வியெல்லாம் சிறிதாகிவிடும். லாரிக்காரர்கள், கடைக்காரர்கள், வேலை போனவர்கள், எல்லாரும் அந்த மேசைக்கு அதற்காகத்தான் வந்தார்கள் என்று நினைக்கிறேன். யாரும் நம்பவில்லை. நம்பும்படி அப்பா யாரையும் கேட்கவும் இல்லை.

இது எனக்குத் தெரிய நாற்பது வயதுக்கு நெருங்க வேண்டியிருந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு. வீட்டு முன்னால் கூடாரம். அக்கம்பக்கத்தார், அப்பா காவல் பார்த்த பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள், இப்ராஹிம் மாமா, நவமணி மாமா, நாற்பது பேர் இருப்பார்கள். அப்பா மீன் கதையை எடுத்தார். மீன் இருபத்திரண்டு கிலோவாகியிருந்தது. யாரோ ஓர் ஆசிரியர், "பொய் சொல்லாதீங்க அங்கிள்," என்றார். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

"சாச்சி இருக்குலா. என் மவ பாத்தா. சொல்லும்மா."

நான் பார்த்தது உண்மை. அன்று சார்ஜன் யாரும் வரவில்லை. மீன் வீட்டுக்கு வந்தது. எனக்கு எட்டு வயது. குழம்பு வைப்பதற்கு முன்னால் அப்பா அதைத் தூக்கிப் பிடிக்க, அம்மா எடுத்த புகைப்படம் என் கைப்பேசியில் இருந்தது. படத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில், அதே தூரத்தில், சமையல் எரிவாயுத் தோம்பு ஒன்று நிற்கிறது. தோம்பின் உயரம் மாறாது. அதை வைத்து மீனின் நீளத்தை எப்போதோ கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வேலை இல்லாத ஒரு நாளில் விளையாட்டாகச் செய்தது.

படத்தைப் பெரிதாக்கி எல்லாருக்கும் காட்டினேன். "எழுபத்தொரு சென்டிமீட்டர். நாலு கிலோ இருநூறு. முந்நூறு கிராம் கூடக் குறைய இருக்கலாம்," என்றேன்.

பெரிய சிரிப்பு. அந்த ஆசிரியர் கைதட்டினார். அப்பாவும் சிரித்தார். "என் மவ அளவெடுக்குற ஆளுலா, அவகிட்ட தப்ப முடியாது," என்றார். பிறகு எழுந்து, யாருக்கோ முறுக்கு எடுத்து வரப் போனார். சார்ஜன் ஐசி கேட்கும் இடம் அன்று வரவே இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. இப்ராஹிம் மாமா கவனித்திருக்கிறார். அவர் குவளையைக் கீழே வைத்திருந்தார்.

ஓராண்டு கழித்துத்தான் அம்மா தொலைபேசியில் சொன்னார். "ஒங்கப்பா இப்பல்லாம் பாய் கடைக்குப் போறாரு, டீ குடிக்கிறாரு, வந்துர்றாரு. கத ஒண்ணும் இல்ல. நவமணி அண்ணன் கேக்குறாரு, ஒடம்பு சரியில்லயான்னு."

அடுத்த முறை வீட்டுக்கு வந்தபோது நானே கேட்டேன். "அப்பா, அந்தத் தோமான் கதையச் சொல்லுங்க."

"அதான் நீயே சொல்லிட்டியேம்மா. நாலு கிலோ இருநூறு."

கோபமாகச் சொல்லவில்லை. சரியான விடையைச் சொன்ன மாதிரி சொன்னார். கோபப்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். இதற்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த வழியில் ஒரு காரியம் செய்தேன். நல்ல ஒலிப்பதிவுக் கருவி ஒன்று வாங்கி வந்து மேசையில் வைத்தேன். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது எத்தனை மணி நேரம் பிடிக்கும், பாட்டரி என்ன, என்று கேட்டார். பிறகு பெட்டிக்குள்ளேயே பத்திரமாக வைத்து என்னிடம் நீட்டினார்.

இந்த ஆண்டு பிப்ரவரியில் நுரையீரல் கெட்டு மருத்துவமனையில் சேர்த்தோம். சிமெண்டுத் தூள் என்றார் மருத்துவர். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன். ஒரு மத்தியானம், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அவர் கொஞ்சம் தெளிவாக இருந்த நேரம், மறுபடி கேட்டேன்.

"அப்பா, அந்தப் பன்னி எவ்வளவு பெரிசு?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "சின்னதுதாம்மா. குட்டின்னே வச்சுக்கயேன்."

"நீங்க அது மேல ஏறி…"

"இல்லம்மா. மரத்த விட்டுக் கீழ விழுந்தேன். அது பயந்து ஓடிருச்சு. நான் நடந்துதான் பெரட்டுக்குப் போனேன்." மூச்சு வாங்கியது. "கிராணி என்னயப் பாக்கவே இல்ல." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார், சரியா என்பதுபோல.

எனக்காகத் திருத்தியிருந்தார். நாற்பது ஆண்டுக் கதையை, படுக்கையில் கிடந்தபடி, மகளுக்குப் பிடிக்கும் அளவுக்குச் சரிபார்த்துக் கொடுத்தார்.

வெளியே நடைபாதை நாற்காலியில் இப்ராஹிம் மாமா உட்கார்ந்திருந்தார். சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒனக்குத் தெரியாதும்மா, ஒம்மேல தப்பில்ல. எங்க மேசையில சாச்சின்னா ஒரு வேலை இருக்கு. சொல்றவன் ஒரு மொழம் போனா சாச்சி ரெண்டு மொழம் தூக்கி விடணும். நவமணி என்ன செய்வான்? 'பதினெட்டுக் கிலோவா, நான் தூக்கினேன் மச்சான், இன்னும் முதுகு வலிக்குது'ம்பான். அப்படி ஒருத்தன் எதிர்ல இருந்தாத்தான் கத நிக்கும். சும்மா யாரையும் சாச்சிக்குக் கூப்பிட மாட்டோம். நாங்க கூப்பிட்ட ஆளு நாலு பேரு இருக்கும், இத்தன வருசத்துல." தொப்பியை எடுத்து மறுபடி தலையில் வைத்தார். "அன்னைக்கு சீனி ஒன்னய மேசையில ஒக்கார வச்சாம்மா."

எங்கள் வேலையில் சாட்சி என்றால் கையெழுத்து. பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், ஒரு தசமம்கூடக் கூட்டக் கூடாது. அப்பா என்னிடம் அதைக் கேட்கவில்லை. முதுகு வலிக்கிறது என்று சொல்லச் சொன்னார்.

மறுநாள் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று காரில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அதற்கு மறுநாளும் தூக்கம். நான்காம் நாள் காலையில் இறந்தார்.

பதினாறாம் நாள் கருமாதி. படையல் முடிந்து சாப்பாடும் முடிந்தது. மாலை நான்கு மணி இருக்கும். அம்மாவோடு சமையலறையில் இருந்தேன். வெளியே கூடாரத்திலிருந்து சிரிப்பு கேட்டது. சாதாரணச் சிரிப்பு அல்ல, மேசை அதிரும் சிரிப்பு. மூன்று ஆண்டுகளாக எங்கள் வீட்டில் கேட்காத சத்தம். தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு வேகமாகப் போனேன்.

நவமணி மாமா கையை அகல விரித்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையை இறக்கினார்.

"வாம்மா ஷர்மினி. ஒக்காரு."

ஆறேழு பேர். எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர், "ஒங்கப்பா நல்ல மனுசம்மா. யாருக்கும் தீங்கு நெனச்சதில்ல," என்றார்.

"மாமா, நீங்க சொல்லுங்க. என்ன கத?"

"ஒண்ணுமில்லம்மா, சும்மா. அந்தப் பன்னி விசயம்."

"எவ்வளவு பெரிசு மாமா?"

அவர் இப்ராஹிம் மாமாவைப் பார்த்தார். "நடுத்தரமாத்தான் இருக்கும். தோட்டத்துல அப்ப அந்த மாதிரி நெறையா திரியும்." ஓர் அறிக்கை வாசிப்பதுபோலச் சொன்னார்.

தட்டைக் கீழே வைத்தேன். இதுதான் நேரம் என்று நினைத்தேன்.

"நடுத்தரமா? என்ன மாமா சொல்றீங்க. அந்தப் பன்னிய நான் பாத்தேன். ஆனக்குட்டி மாதிரி இருந்துச்சு. அது ஓடுனதுல எங்க லயத்து வீட்டுக் கூரை தகரம் பறந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. நவமணி மாமா என்னைப் பரிவோடு பார்த்தார். துக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் பேசும் குரலில் சொன்னார்: "அது எழுபத்தேழும்மா. நீ பொறக்கல."

"ஆமா மாமா," என்றேன்.

இப்ராஹிம் மாமா மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தேநீரை எடுத்துக் குடித்து, "சீனி அளவா போட்டிருக்கம்மா, நல்லாருக்கு," என்றார். மற்றவர்களும் குடித்தார்கள். நான் நிற்கும்வரை குடித்துக்கொண்டே இருந்தார்கள்.

உள்ளே வந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தேன். சிறிது நேரத்தில் வெளியே ஒரு குரல் எழுந்தது, இன்னொன்று அதற்கு மேல் ஏறியது, பிறகு எல்லாரும் ஒன்றாகச் சிரித்தார்கள். நான் குழாயை மூடினேன். சிரிப்பில் வார்த்தை எதுவும் பிடிபடவில்லை.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

"தெரியலம்மா. அப்பாவப் பத்தித்தான்," என்றேன்.