பத்து நிமிட ஜன்னல்

ஃபோக்கோ பாம்பு வாங்கியதற்குக் காரணம், அது யாரிடமும் எதையும் எதிர்பார்க்காது என்று விற்றவர் சொன்னதுதான். நாய் என்றால் கொஞ்ச வேண்டும், பூனை என்றால் அதன் முகம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாம்புக்கு வாரம் ஒரு எலிக்குஞ்சு, ஒரு கிண்ணம் தண்ணீர், இறுக்கமான ஒரு மூடி போதும். எம்டன் நகரத்தில் இருபது வருடமாகப் பேருந்து ஓட்டும் அந்த நாற்பத்தேழு வயது மனிதனுக்கு இந்த ஏற்பாடு பிடித்துப்போயிற்று.

அவன் மனைவி தோமா விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை, ஒரு தட்டுகூட உடையவில்லை. ஒரு சனிக்கிழமை தையல் இயந்திரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு ஓல்டன்பர்க்குக்குப் போய்விட்டாள். இயந்திரத்தின் மறுமுனையைப் பிடித்துப் படியிறக்கிக் கொடுத்ததே இவன்தான். பிறகு மேலே வந்து பாத்திரம் கழுவினான். அழவில்லை, குடிக்கவில்லை, ஒருநாள் லீவு போடவில்லை. நல்ல கெட்டி மனசு என்று டிப்போவில் மெச்சினார்கள். இதில் மெச்ச என்ன இருக்கிறதோ! மரத்துப்போன காலை வைத்துக்கொண்டுகூட நாலு எட்டு நடந்துவிடலாம்.

ஷூ கயிற்றின் கனத்தில், செம்மஞ்சள் திட்டுகளோடு இருந்தது பாம்பு. விஷமில்லாத சாதி. தையல் இயந்திரம் போனதில் ஜன்னலோரத்து மேஜை காலியாகக் கிடந்ததால் கண்ணாடித் தொட்டியை அங்கேயே வைத்தான். தரையில் மரச்சீவல், ஒரு பக்கம் மட்டும் அடியில் மின்சாரச் சூட்டு விரிப்பு. சூட்டுப் பக்கம் ஒளிந்துகொள்ள ஒரு பொந்து, குளிர்ந்த பக்கம் இன்னொன்று. விளிம்பு உடைந்த இரண்டு டீக்கோப்பைகளைக் கவிழ்த்துவைத்தே பொந்துகளைச் செய்துவிட்டான். எல்லாம் புத்தகத்தில் போட்டிருந்தபடி.

மேஜைக்கு மேலே, ஜன்னல் சட்டத்தில், தோமா எழுதி ஒட்டிய சீட்டு இருந்தது. 'காலை பத்து நிமிடம். மாலை பத்து நிமிடம். முதலில் சூட்டை அணைக்கவும்.' ஒரு குளிர்காலத்தில் சுவரில் பூஞ்சை பிடித்து, வீட்டுக்காரரிடம் இருவரும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு எழுதியது. அந்த ஊரில் ஜன்னல் திறந்து காற்று மாற்றாதவனைப் பல் தேய்க்காதவனைப் போலத்தான் பார்ப்பார்கள். அவள் போன பிறகும் ஃபோக்கோ ஒருநாள்கூடத் தவறவிடவில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் எழுந்து போய்த் திறந்தான்.

அக்டோபர் முழுக்கப் பாம்பு ஒழுங்காகச் சாப்பிட்டது. நவம்பர் பாதியில் நிறுத்திவிட்டது. உறைந்த எலிக்குஞ்சை வெந்நீரில் போட்டு இளக்கி, இடுக்கியில் பிடித்து முன்னால் ஆட்டினால் தலையைத் திருப்பிக்கொள்ளும். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும்.

கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து ஊரிலிருந்து அக்கா வீப்கெ வந்தாள். பட்டாணி எடுக்கப் போய் ஃப்ரீசரைத் திறந்தவள் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார்.

"மீன் பக்கத்துல என்னடா இது? எலியா?"

"குஞ்சுதான். பெட்டியில மூடித்தானே இருக்கு."

"இதை எதுல போட்டு இளக்குவே?"

ஃபோக்கோ ஃப்ரீசர் கதவைச் சாத்தினான். அவள் தன் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள்.

"சத்தியமா சொல்லு. இதுல இல்லையே?"

"அது வேற கோப்பை. பிடி உடைஞ்சது."

"உன் ஷூ கயித்துக்கு ஒரு கோப்பை, எனக்கு ஒரு கோப்பை. நல்லா இருக்குடா மரியாதை." மூன்றாவது கோப்பை டீயைக் குடிக்காமல் எழுந்திருப்பது அந்தப் பக்கத்தில் பெரிய அவமரியாதை என்பதால் அதையும் குடித்தாள். குடித்துக்கொண்டே தம்பியின் முகத்தைப் பார்த்தாள். "நீ எப்படி இருக்கே?"

"ஓடுது."

இரண்டு வருடமாக, ஞாயிறுதோறும் ஃபோனிலும் இதே கேள்வி, இதே பதில்.

ஜனவரியில் சமையலறைத் தராசில் பாம்பை நிறுத்தபோது பதினெட்டு கிராம் பதிமூன்றாகியிருந்தது. முதுகெலும்பு விரலில் தட்டுப்பட்டது. அன்று பேருந்து ஓட்டும்போது ஒரு நிறுத்தத்தில் நிற்காமலே போய்விட்டான், இருபது வருடத்தில் முதல்முறையாக. அவனுக்குப் பயம் வந்திருந்தது. பயம் என்று அதற்குப் பெயர் என்பதே அவனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

பாம்பு விற்ற ஹின்ரிக்கைக் கூப்பிட்டான். அவர் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்.

"மொய்ன்" என்று அந்த ஊர் வணக்கத்தைச் சொல்லிக்கொண்டே குனிந்தார். "சூடு எவ்வளவு வைக்கிறீங்க?"

"இருபத்தெட்டு. தினம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் பார்க்கிறேன்."

ஹின்ரிக் தொட்டியின் அடியில் கை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். "இது ஐஸா இருக்கே!"

"காலைல ஜன்னல் திறப்பேன் இல்லையா, அப்ப ரூம் ஹீட்டரோட சேர்த்து இதையும் அணைச்சிடுவேன். ஜன்னல் திறந்திருக்கும்போது சூடு ஓடக் கூடாதே."

"அது சரி. திரும்ப எப்ப போடுவீங்க?"

"வேலை முடிஞ்சு வந்து, சாயங்காலம் ஜன்னல் திறந்து மூடினதுக்கு அப்புறம்."

ஹின்ரிக் கையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். திட்டத்தான் வாயெடுத்தார். அதற்குள் சீட்டு கண்ணில் பட்டது. "யார் எழுதினது?"

"என் மனைவி."

"அவங்க எங்கே?"

"ஓல்டன்பர்க்ல."

"எப்ப வருவாங்க?"

ஃபோக்கோ மரச்சீவலைச் சமன்செய்ய ஆரம்பித்தான். ஹின்ரிக்கின் குரல் இறங்கிவிட்டது. "குளிர்காலம் வந்துடுச்சுன்னு நினைச்சு இது கடையைச் சாத்திடுச்சு, அவ்வளவுதான். வசந்தம் வரைக்கும் இந்த ஜன்னலைத் தொடாதீங்க. விரிப்பு எப்பவும் ஓடட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமை குஞ்சு குடுத்துப் பாருங்க. அப்பவும் சாப்பிடலைன்னா... இந்த எடையில தாங்காதுங்க."

மறுநாள் காலை வழக்கம்போல எழுந்து ஜன்னல் கைப்பிடியைப் பிடித்துவிட்டான். பிடித்தபடியே நின்றான். அந்த வீட்டில் தோமாவுக்காக அவன் இன்னும் செய்துகொண்டிருந்த ஒரே காரியம் அதுதான். அதை விட்டுவிட்டால் அவளுக்கென்று செய்ய அங்கே ஒன்றுமில்லை. கண்ணாடிக்குள் பாம்பு கவிழ்த்த கோப்பைக்கு அடியில் கிடந்தது. ஃபோக்கோ கையை எடுத்தான். சீட்டை மெதுவாக உரித்து, மடித்து, மேஜை இழுப்பறையில் வைத்தான். கிழிக்க மனம் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மதியம், உடைந்த கோப்பையில் குஞ்சை இளக்கித் துடைத்து, இடுக்கியில் பிடித்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் குந்தினான். பாம்பு தலையை வெளியே நீட்டியது. நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தது. கால்மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கை கடுத்தது. போதும் என்று இடுக்கியை இழுக்கப் போனவனின் விரல் வரைக்கும் அதிர்ந்தது. பிடித்துவிட்டது! ஒரு சுற்று சுற்றி, தலையிலிருந்து மெல்ல மெல்ல விழுங்கியது. கடைசியில் வால் நுனியும் உள்ளே போக, வாயை ஒருமுறை அகலமாகத் திறந்து மூடிக்கொண்டு பொந்துக்குள் போயிற்று.

எழுந்திருக்கப் பார்த்தான். இரண்டு காலும் மரத்திருந்தன. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஊசி ஊசியாகக் குத்தியது, தாங்க முடியவில்லை. ஃபோன் அடித்தது.

"எப்படி இருக்கே?" என்றாள் வீப்கெ.

"பாம்பு சாப்பிட்டுடுச்சு."

"அப்பாடா! பொழைச்சுது. நீ?"

ஓடுது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். "வீப்கெ, தோமா போயிட்டா" என்றான்.

"ரெண்டு வருஷம் ஆச்சேடா" என்றாள் மெதுவாக.

"தெரியும். அவ வரமாட்டா."

அவன் அழுவதை அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அழுகை ஓய்ந்து, மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அடுப்புல தண்ணி வை. இருபது நிமிஷத்துல வர்றேன். பிடி இருக்கிற கோப்பையா எடு."