நீலம் போட்ட தாள்

ஹஸீனாவிடம் படம் அச்சுப் போடப் போகிறவர்களுக்கு முதலில் எரிச்சல்தான் வரும். படத்தைக் கொடுத்தோமா, வாங்கினோமா என்று விடமாட்டாள். எந்தச் சுவரில் மாட்டப் போகிறீர்கள், எதிரே ஜன்னல் உண்டா, வெயில் காலையிலா மாலையிலா, சின்னப் பிள்ளைகள் கை வைப்பார்களா என்று பெண் பார்க்க வந்தவர்களைப் போலத் துருவுவாள். அதற்குப் பிறகுதான் தாளைப் பற்றிய பேச்சே. ஒரு தாளின் முனையை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்துத் தேய்த்துப் பார்த்து, "இது உங்களுக்கு வேணாம்" என்பாள். அந்தத் தாளை வந்தவர் கேட்டிருக்கவே மாட்டார்.

சிங்கப்பூரின் ஜாலான் புசாரில், குழாயும் திருகாணியும் விற்கிற கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அவர்களுடைய ஸ்டூடியோ. பத்தொன்பது வருடமாக ஹஸீனாவும் லீலாவும் சேர்ந்து நடத்துகிறார்கள். உயர்நிலைப் பள்ளியில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவர்கள். தாளைத் தேர்ந்தெடுப்பதும் அச்சுப் போடுவதும் ஹஸீனா. தாளை வரவழைப்பதும் வந்தவர்களிடம் பேசுவதும் லீலா. ஹஸீனாவுக்குப் பேசத் தெரியாது, சண்டை போடத்தான் தெரியும் என்பது லீலாவின் கட்சி. அதில் பொய்யும் இல்லை.

உலகத்துத் தாள்களையெல்லாம் ஹஸீனா இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருந்தாள்: நீலம் போட்டது, நீலம் போடாதது. வெள்ளைச் சட்டைக்குச் சொட்டு நீலம் போடுகிற மாதிரி, சில தாள்களில் வெண்மை கூட்ட ஒரு மருந்து சேர்க்கிறார்கள். புதிதில் பளீரென்று கண்ணைப் பறிக்கும். வெளிச்சத்தில் சில வருடம் இருந்தால் மருந்தின் வேகம் போய்த் தாள் மஞ்சளடிக்கும். நீலம் போடாத பருத்தித் தாள் முதல் நாளே கொஞ்சம் பால் நிறமாகத்தான் இருக்கும், ஆனால் அப்படியே இருக்கும். "அது ஆரம்பத்துலயே உண்மையச் சொல்லிடுது லா" என்பாள் ஹஸீனா.

பாலகிருஷ்ணன் வந்தது போன வருடம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. போனில் ஒரு படம் வைத்திருந்தார். சாங்கி கடற்கரையில் காற்றில் முந்தானை பறக்க, வாய் நிறைய நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றோடு அந்த அம்மாள் சிரிக்கிறார்.

"நல்லா பளபளன்னு போட்டுக் குடுங்கம்மா."

"அங்கிள், ஹால்ல மத்தியானம் வெயில் நேரா அடிக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க? பளபளப்புத் தாள்ல போட்டா ஆன்ட்டி முகம் தெரியாது, ஜன்னல்தான் தெரியும். பருத்தித் தாள்ல போடுறேன்."

"கலர் மாறாதாம்மா?"

"நான் இருக்கேன் அங்கிள். உங்க பேரப்பிள்ளைங்க காலத்துலயும் இப்படியே இருக்கும்."

எல்லோருக்கும் அவள் அப்படிச் சொல்வதில்லை. தாள் சரியாக இருந்தால்தான் வாயைத் திறப்பாள்.

இந்த வருடம் அவர் மகளுக்கும் ஒரு பிரதி கேட்டார். "அதே தாள்ல போடுங்கம்மா" என்றார். ஒரு சனிக்கிழமை பகலில் அதைக் கொடுக்கப் போகிற வழியில், சிராங்கூன் சாலையில் தம்பி அர்ஃபானின் நாணய மாற்றுக் கடையில் ஹஸீனா ஏறினாள். அவன் யாரோ கொடுத்த மலேசிய நோட்டுகளை ஊதா விளக்கின் அடியில் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குக் காட்டலாமென்று அவள் உறையைப் பிரித்தாள். படத்தின் ஓரம் விளக்கின் அடியில் நுழைந்தது.

அர்ஃபான் சிரித்துவிட்டான். "என்ன லாத்தா, கள்ள நோட்டு மாதிரி மின்னுது?"

நல்ல நோட்டின் தாள் அந்த வெளிச்சத்தில் இருண்டு கிடக்கும். வெண்மை மருந்து சேர்த்த தாள் நீலமாகப் பற்றி எரியும். இது அர்ஃபானுக்குத் தொழில், தினமும் பார்ப்பது. ஹஸீனாவுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"திரும்பக் காட்டு" என்றாள். திரும்பவும் மின்னியது. அவனுடைய சின்ன ஊதா டார்ச்சை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, படத்தைக் கொடுக்கப் போகாமல் ஸ்டூடியோவுக்கே திரும்பினாள்.

விளக்கை அணைத்துவிட்டு அலமாரியில் இருந்த தாள் பெட்டிகளைத் திறந்தாள். பெட்டியின் மேல் பழைய பெயர், பழைய முத்திரை. உள்ளே இருந்த தாள் ஒவ்வொன்றும் நீலமாக மின்னியது. ஒன்றை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். சரியான தாள்தான் என்றது விரல். பாவி விரல்! இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள், "கொஞ்சம் வெள்ளையா இருக்கே?" என்று அவள் கேட்டதும், "புது பேட்ச் அப்படித்தான் டீ" என்று லீலா சொன்னதும் இப்போது நினைவுக்கு வந்தன. தாளை அத்தனை சந்தேகப்படுகிறவளுக்கு அன்றைக்கு ஆளைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

சாப்பிடப் போயிருந்த லீலா வந்தாள். ஹஸீனா மின்னுகிற தாளைக் காட்டியதும் மறுக்கவில்லை.

"ஆமா. பழைய தாள் வர மூணு மாசம் ஆகுது. எவன் வெயிட் பண்ணுவான்? இதுவும் பருத்திதானே."

"அப்புறம் ஏன் பழைய பெட்டியில போட்டு வச்ச?"

"சொல்லியிருந்தா ஒத்துக்குவியா?"

"மாட்டேன்."

"அதான். ரெண்டு வருஷமா உன் கையாலதானே எடுத்துப் போடுற ஹசி? உனக்கே தெரியல. அப்புறம் என்ன வித்தியாசம்? எல்லாம் உன் மண்டைக்குள்ள இருக்கிற வித்தியாசம் லா."

ஏமாற்றப்பட்டதை விட, ஏமாந்தது தன் கைதான் என்பது ஹஸீனாவைச் சுட்டது. மூன்று நாள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. லீலா சொல்வதுதான் சரியோ, தான்தான் இல்லாத வித்தியாசத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறோமோ என்றுகூட நினைத்தாள். பாலகிருஷ்ணன் போன் செய்தபோது, மெஷின் ரிப்பேர் என்று ஒரு பொய்யும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை லீலா கூப்பிட்டாள். "கோபத்த விடு டீ. வீட்டுக்கு வா, டீ குடிச்சிட்டுப் பேசுவோம்." ஹஸீனா விட்டுக்கொடுக்கிற மனசோடுதான் தோ பாயோவிலிருந்த அவள் வீட்டுக்குப் போனாள்.

லீலா அடுப்படிக்குப் போனாள். டிவிக்குக் கீழே ரோஷினியின் கல்யாணப் படங்கள் பெட்டியில் இருந்தன. லீலாவின் ஒரே மகள். போன வருடம் அந்த அறுபது படங்களையும் போட்டது ஹஸீனாதான். அன்றைக்குத் தாளை லீலாவே தனி உறையில் கொண்டு வந்து, "இதுல போடு டீ, வெட்டியே வச்சிட்டேன்" என்றாள். படங்கள் லேசாகப் பால் நிறத்தில் வந்தன. மெஷினில்தான் ஏதோ கோளாறு என்று ஹஸீனா அரைமணி நேரம் துடைத்தாள்.

அதை நினைத்ததும் எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். பையிலிருந்த பாலகிருஷ்ணனின் படத்தை எடுத்து ரோஷினியின் படத்துக்குப் பக்கத்தில் வைத்து டார்ச்சை அடித்தாள். கடற்கரை அம்மாளின் ஓரம் நீலமாக மின்னியது. ரோஷினி இருட்டில் கிடந்தாள். அடுத்த படமும் இருட்டு. அதற்கடுத்ததும் இருட்டு.

லீலா டீயோடு வந்து நின்றாள். டார்ச்சைப் பார்த்தாள்.

"இந்தத் தாள் ஏது லீலா?"

"கடைசியா ஒரு பெட்டி இருந்துச்சு. எடுத்து வச்சிருந்தேன்." குரல் இறங்கிப்போனது. "ரோஷினி கல்யாணம் டீ. காலத்துக்கும் இருக்க வேணாமா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது லீலாவுக்கே உறைத்தது. டீயை மேசையில் வைத்தாள். லீலா வித்தியாசம் தெரியாதவள் என்றிருந்தால் ஹஸீனா மன்னித்துவிட்டுப் போயிருப்பாள், அதற்குத்தான் வந்தாள். இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஊரார் வீட்டுச் சுவருக்கு ஒன்று, தன் மகளுக்கு ஒன்று என்று பிரித்து வைக்கிற அளவுக்குத் தெரிந்திருக்கிறது.

ரோஷினியின் படங்களை ஓரம் மடங்காமல் அடுக்கிப் பெட்டியை மூடினாள். டீயைத் தொடவில்லை. லீலா பின்னால் கூப்பிட்டதற்குத் திரும்பவும் இல்லை. லிஃப்டுக்கு முன்னால் நின்று போன் போட்டாள்.

"அங்கிள், மெஷின் ரிப்பேர்னு சொன்னது பொய். உங்க வீட்டுல மாட்டியிருக்கிறது நான் சொன்ன தாள் இல்ல. கொஞ்ச வருஷத்துல மஞ்சளாயிடும். நான் வந்து கழட்டிக்கிறேன், வேற போட்டுத் தரேன். கொஞ்ச நாள் ஆகும்."

பாலகிருஷ்ணன் மெதுவாகக் கேட்டார். "நான் இருக்கேன்னு சொன்னீங்களேம்மா?"

"ஆமா அங்கிள்" என்றாள் ஹஸீனா. "சொன்னேன்."