ஆரியா, அபேஸ், டவுன்

சுனாமி வந்துபோய் ஒன்றிரண்டு வருடம் இருக்கும். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகிற சாலையோரம் ஒரு சரக்கு யார்டில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். வெயில், லாரிப்புகை, எந்தப் பக்கம் காற்றடித்தாலும் ஒரு வாடை. வேலை முடிந்து இறங்கும்போது உடம்பில் உயிர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும் போலிருக்கும்.

கிரேன் வேலையைப் பற்றி ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலே கேபினில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கீழே பாதி இடம் தெரியாது. தரையில் நிற்கிற சிக்னல்மேன்தான் அவனுக்குக் கண். அவன் கையைக் காட்டுவான், கூடவே வாயாலும் கத்துவான். அவன் சொன்னபடி ஏற்ற வேண்டும், சொன்னபடி இறக்க வேண்டும். ஆபரேட்டர் சொந்தப் புத்தியைக் காட்டினால் கீழே இருக்கிறவன் காலி. எங்கள் யார்டில் ஏற்று என்பதற்கு ‘அபேஸ்’, இறக்கு என்பதற்கு ‘ஆரியா’. எந்தக் காலத்தில் எந்தக் கப்பல்காரன் விட்டுவிட்டுப் போன சொற்களோ தெரியாது, ராயபுரம், காசிமேடு பக்கம் சரக்கு தூக்குகிற எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்டுவிட்டன. புதிதாக வருகிற மேனேஜர்கள் ‘அப்’, ‘டவுன்’ என்பார்கள். அதுவும் ஓடும்.

எனக்கு சிக்னல் கொடுத்தவன் எம்.கே.பி. நகர்க்காரன், என் தோஸ்து. அவனுக்கு வாய் ஓயாது. ஆரியா, அபேஸ் என்று கத்துவதற்கு நடுவிலேயே, நேற்று வீட்டில் என்ன குழம்பு, யார் யாரைத் திட்டினார்கள் என்று எல்லாக் கதையையும் சொல்லி முடித்துவிடுவான். அந்தச் சளசளப்பில்தான் எனக்குப் பொழுது போகும்.

அவன்தான் என்னை ஒரு விளையாட்டில் இழுத்துவிட்டான். தேரடிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அதை நடத்தியவரின் மச்சான் வெளிநாட்டிலிருந்து ஒரு ஆன்லைன் விளையாட்டை அனுப்பியிருந்தார். சூப்பர் ஹீரோ விளையாட்டு. நமக்குப் பிடித்த மாதிரி ஒரு ஹீரோவைச் செய்துகொள்ளலாம். தொப்பி, முகமூடி, முதுகில் படபடக்கிற துணி எல்லாம் நம் இஷ்டம். அப்புறம் உலகத்தின் எந்த மூலையிலோ உட்கார்ந்திருக்கிறவர்களோடு கூட்டுச் சேர்ந்து ஊரைக் காப்பாற்றணும். என் ஆள் கவசம் போட்ட தடியன், அடி வாங்குவதற்கென்றே பிறந்தவன். என் தோஸ்தின் ஆள் ஆகாயத்தில் பறந்து நெருப்பு வீசுவான். பகலெல்லாம் தரையில் நின்று அண்ணாந்து பார்க்கிறவன் அல்லவா, அதனால்தான் பறக்கிற ஆளை எடுத்தான் என்று கலாய்ப்பேன்.

வேலை விட்டதும் நேராக அங்கே போவோம். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஆள் மேலே பறக்கணும் என்றால் ‘அபேஸ்’, கீழே இறங்கணும் என்றால் ‘ஆரியா’ என்று கத்துவோம், இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கவும் செய்வோம். சென்டரில் இருக்கிற மற்றவர்கள் எங்களை லூசுகள் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த விளையாட்டுக்குள் தமிழர்களாகச் சேர்ந்து ஒரு அணி வைத்திருந்தார்கள். அடையாறு, வேளச்சேரிப் பக்கத்துப் பையன்கள், மலேசியாவிலிருந்து சிலர், அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த ஒரு தலைவர். நாங்களும் அதில் சேர்ந்தோம். அப்பாடா, நம்ம ஆட்கள் என்று சந்தோஷமாகத்தான் சேர்ந்தோம்.

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. உலகத்தைக் காப்பாற்ற வந்த மகானுபாவர்கள் இருபத்துநாலு மணி நேரமும் ஒருவரோடொருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சிலருக்குப் புள்ளிதான் முக்கியம். கூட வந்தவன் அடிபட்டு விழுந்தால் தாண்டிக்கொண்டு ஓடுவார்கள். அப்படி ஓடுகிறவன் ஹீரோவா என்று இன்னொரு கூட்டம் பாடம் எடுக்கும். புதிதாக வந்தவனைச் சேர்க்கலாமா, கூடாதா. பாதியில் எழுந்துபோனவனை நீக்கலாமா, கூடாதா. அணிக்கென்று ஒரு இணையப் பக்கம் இருந்தது, விளையாடுகிற நேரத்தைவிட அதில் எழுதிக் கிழிக்கிற நேரம்தான் அதிகம். படித்தால் தலைவலி வரும். ஆனாலும் படிப்பேன்.

அத்தனை சண்டையில் ஒரே ஒரு உருப்படியான காரியம் நடந்தது. விழுந்தவனை விட்டுவிட்டு ஓடுகிற பிரச்சினைக்கு ஒரு சட்டம் போட்டார்கள். யாராவது விழுந்தால், பார்த்தவன் உடனே ‘டவுன்’ என்று அடிக்கணும். அதைப் பார்த்ததும் மற்றவர்கள் அத்தனை பேரும் இருக்கிற இடத்திலேயே நின்றுவிடணும். விழுந்தவன் எழுகிற வரைக்கும் ஒருத்தன் ஒரு அடி நகரக்கூடாது. நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் அடிப்பதோடு நிற்காமல் கத்தவும் செய்வோம். என் தோஸ்து ‘டவுன் டவுன்’ என்று அலறினால் என் கை தானாகவே விசைப்பலகையை விட்டு எழும்பிவிடும். அவ்வளவு பழகிப்போயிருந்தது.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனது. அப்புறம்தான் எங்கள் சொற்கள் மேல் வம்பு வந்தது.

அடையாறுக்காரப் பையன் ஒருத்தன் ஆரம்பித்து வைத்தான். ‘அபேஸ்’ என்றால் திருடுவது, ஊரைக் காப்பாற்றுகிற ஹீரோ அபேஸ் அபேஸ் என்று கத்தினால் அசிங்கமாக இல்லையா என்று எழுதினான். அது ஏற்றச் சொல்கிற வார்த்தை என்று விளக்கினேன். இன்னொருத்தன் ‘ஆரியா’வைப் பிடித்துக்கொண்டான். எதற்கு இங்கே ஆரியர், திராவிடர் பிரச்சினையைக் கொண்டுவருகிறீர்கள் என்றான். அவ்வளவுதான். கேட்க வேண்டுமா? பக்கம் பக்கமாக அடித்துக்கொண்டார்கள். சரக்கு இறக்குகிற சொல்லுக்கு சிந்துவெளி வரைக்கும் போய்விட்டார்கள். நடுவில் ஒருத்தன், இந்தக் குப்பத்துப் பாஷையெல்லாம் இங்கே வேண்டாமே என்று எழுதினான். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

தலைவர் ஓட்டெடுப்பு வைத்தார். இனிமேல் எல்லாருக்கும் புரிகிற மாதிரி ‘அப்’, ‘டவுன்’தான் என்று ஒரு கட்சி. அப்படியானால் விழுந்தவனுக்கு எதை அடிப்பது, அதுவும் டவுன், இதுவும் டவுனா என்று கேட்டேன். பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஓட்டு எண்ணினால் என் தோஸ்து அந்தக் கட்சிக்குப் போட்டிருந்தான்.

நாற்காலியிலிருந்து எழுந்து நின்று அவனைக் கேட்டேன், ஏன்டா இப்படிச் செய்தாய் என்று.

“இதுல இன்னா மாமு கீது? அவுங்களோட சேந்து ஆடணும்னா அவுங்க சொல்றாப்ல அடிச்சிட்டுப் போவோம். எனக்கு பேஜாரு வேணாம்.”

அவனுக்கு அந்தக் கூட்டத்தில் இருக்க ஆசை. படித்தவர்கள், வெளிநாட்டுக்காரர்கள் தன்னையும் சமமாக வைத்துப் பேசுகிறார்கள் என்று ஒரு பெருமை. அதை நான் புரிந்துகொண்டிருக்கலாம். ஆனால் எனக்கு மனசு விட்டுப்போனது. கூலிக்காரன் வாய்ச்சொல்லைக் கேவலம் என்கிறார்கள், நீயும் அவர்களோடு சேர்ந்து கை தூக்குகிறாயா என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டு வெளியே வந்தேன். அதற்கப்புறம் நான் சென்டர் பக்கமே போகவில்லை. அவன் மட்டும் போய்க்கொண்டிருந்தான்.

யார்டில் எங்கள் பேச்சு நின்றுபோனது. அவன் கையை மட்டும் காட்டுவான். வாயைத் திறக்கவே மாட்டான். குழம்புக் கதை இல்லை, ஆரியா இல்லை, அபேஸ் இல்லை. நானும் வீம்பாக இருந்தேன். டீ குடிக்க அவன் அந்தப் பக்கக் கடை, நான் இந்தப் பக்கக் கடை. பொம்மை முகமூடி போட்டு ஆடுகிற விளையாட்டுக்காக இரண்டு வளர்ந்த ஆண்கள் இப்படி. வெட்கக்கேடு. அந்த நாட்களில் எனக்கிருந்த அலுப்பு மாதிரி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வேலைக்கு வரவே பிடிக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம். காலையில் தூறல் போட்டுத் தரையெல்லாம் சேறும் எண்ணெயுமாகக் கிடந்தது. ஒரு பெரிய மரப்பெட்டி, உள்ளே ஏதோ இயந்திரம். அதை ஒரு டிரெய்லருக்குப் பின்னால் இருந்த இடைவெளியில் இறக்கணும். டிரெய்லர் மறைத்ததால் இறங்குகிற இடம் எனக்குத் தெரியவில்லை. என் தோஸ்தின் இடுப்புக்கு மேல்தான் தெரிந்தது. அவன் கையைக் கீழ்ப்பக்கம் காட்டி அசைத்துக்கொண்டே இருந்தான். நான் மெதுவாக இறக்கிக்கொண்டே இருந்தேன்.

பெட்டிக்கு அடியில் கட்டை வைப்பதற்கு, சரக்கு தூக்குகிற கலாசி ஒருவர் இருந்தார். புளியந்தோப்பிலிருந்து வருகிறவர், எங்களையெல்லாம் நைனா என்று கூப்பிடுகிறவர். பெட்டி இன்னும் கொஞ்சம் உயரத்தில் இருக்கும்போது கட்டையைச் சரியாக நகர்த்தலாம் என்று உள்ளே குனிந்திருக்கிறார். கால் வழுக்கி, பெட்டிக்கு நேர் கீழே குப்புற விழுந்திருக்கிறார். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. கேபினில் இருந்த எனக்கு ஒன்றும் தெரியாது.

நான் பார்த்தது இவ்வளவுதான். என் தோஸ்து சட்டென்று டிரெய்லர் பக்கம் திரும்பினான். நிறுத்து என்கிற சைகை அவன் கையில் வரவில்லை. பயத்தில் கை பழையபடியே கீழ்நோக்கி ஆடிக்கொண்டிருந்தது. அத்தனை நாளும் மூடியிருந்த வாய் திறந்தது.

“டவுன்! டவுன்!”

கை, இறக்கு என்கிறது. வாயும் இறக்கு என்கிறது. எந்த யார்டில், எந்த ஆபரேட்டராக இருந்தாலும் அந்த நொடியில் இறக்கியிருப்பான். இறக்கினால் தப்பும் சொல்ல முடியாது. சிக்னல்மேன் சொன்னதைத்தான் செய்தேன் என்று எந்தப் போலீஸிடமும் சொல்லலாம்.

நான் நிறுத்திவிட்டேன்.

யோசித்து நிறுத்தினேன் என்று சொன்னால் அது பொய். லிவரிலிருந்து கை தானாக எழும்பிவிட்டது. பெட்டி அந்தரத்தில் லேசாக ஆடிக்கொண்டு நின்றது. என்ன நடந்தது, எதற்கு நிறுத்தினேன் என்று எனக்கே விளங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கலாசி டிரெய்லருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். முகமெல்லாம் சேறு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேலே என்னைப் பார்த்தார். விழுந்து கிடந்தவருக்குத் தன் மேலே நடந்தது எதுவும் தெரியாது.

“இன்னா நைனா, பெட்டி அங்கியே நின்னுகினு கீது? இறக்கினா வேலைய முட்ச்சிட்டு சாப்டப் போவேன்ல?”

என் தோஸ்து ஒரு பழைய டயர் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நான் கிரேனை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். சூப்பர்வைசர் ஓடிவந்தார். அவரும் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். அவன் டவுன் என்று கத்தினானே, நீ ஏன் நிறுத்தினாய் என்று கேட்டார். அவரிடம் நான் எதைச் சொல்வது? முதுகில் துணி படபடக்கிற ஹீரோக்களைப் பற்றிச் சொல்வதா, அமெரிக்கத் தலைவர் போட்ட சட்டத்தைச் சொல்வதா? சத்தம் சரியாகக் கேட்கவில்லை சார் என்று சொன்னேன். நல்லவேளை கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டு போனார்.

கலாசி சாப்பிடப் போனார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். டயரில் எனக்கும் இடம் இருந்தது, உட்கார்ந்தேன். அவன் தரையைப் பார்த்தபடியே கேட்டான்.

“நான் டவுன்னா கத்துனேன்?”

ஆமாம் என்றேன்.

“அப்போ நீ ஏன்பா நிறுத்துன?”

“யாராச்சும் விழுந்தாத்தானே மாமு நீ அப்டி கத்துவ.”

அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதான். எனக்கும் வந்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். மன்னிப்பு, கின்னிப்பு எல்லாம் இரண்டு பேரும் கேட்கவில்லை. எங்களுக்கு அதெல்லாம் வராது. ஒரே கடையில் போய் டீ குடித்தோம். டீயில் சர்க்கரை போதவில்லை என்று அவன் கடைக்காரரைத் திட்டினான். அப்பாடா என்றிருந்தது.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் இரண்டு பேருமாக சென்டருக்குப் போனோம். அணியின் பக்கத்தைத் திறந்தால், பறக்கிறவர்களும் தரையில் நடக்கிறவர்களும் ஒரே அணியில் இருக்கலாமா என்று புதிதாக ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கட்சிக்கும் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் படித்தோம். அவன்தான் கம்ப்யூட்டரை அணைத்தான். அதோடு சரி.

பிறகு நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். அவன் இன்னும் சரக்கு வேலையில்தான் இருக்கிறான். இப்போது கையில் போன் வைத்திருக்கிற எல்லாருக்கும் பத்துக் குழு, பத்துச் சண்டை. யார் சொல்வது சரியான சொல் என்று அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு வாதாடத் தெம்பில்லை. அன்றைக்கு அவன் கத்திய தப்பான சொல் எனக்குச் சரியாகக் கேட்டதென்றால், ஒரு வருடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கத்திக் கத்திப் பழகியதால்தான் கேட்டது. எங்கள் சண்டை தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, அந்தப் பழக்கம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. அதே வீம்பில் இன்னும் கொஞ்ச காலம் பேசாமலே இருந்திருந்தால் அது எனக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்தால், இத்தனை வருடம் கழித்தும் உடம்பு சில்லிட்டுப் போகிறது.