என் பலகை அடியும் அவள் நெஞ்சுத் துடிப்பும்

நான் தறிக்காரன். வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கி பார்டர் டிசைனையும் நானே போட ஆரம்பித்த பிறகு கொஞ்சம் திமிரும் சேர்ந்துவிட்டது. எண்களைக் கண்ணில் காட்டினால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்வேன் என்று திரிந்த காலம் அது.

மாமன் மகளைத்தான் கட்டியிருந்தேன். பள்ளியில் விளையாட்டு டீச்சர், பத்து கிலோமீட்டர் ஓடுகிறவள். அந்த வருஷம் ஆனியில் மாநில அணிக்கான தேர்வு ஓட்டம். "இதுல தேறலைன்னா ஓட்றதையே வுட்டுட்றேன்" என்று தன் அப்பாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து என்னிடம் அழுதாள். எனக்கு அவள் அப்பாவின் மேலும் கோபம், வாக்குக் கொடுத்த இவள் மேலும் கோபம்.

வெளிநாட்டில் இருந்த அவள் அண்ணனும் ஓடுகிறவன். லீவில் வந்தபோது தன்னுடைய பழைய மார்புப் பட்டையையும், அதோடு சேர்ந்த கைக்கடிகாரத்தையும் கொடுத்தான். எழுந்ததும் காபிக்கு முன்னால் அதைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் படுத்திருக்க வேண்டும். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் எத்தனை மில்லி செகண்ட் என்று கடிகாரம் குறித்துக்கொள்ளும். கம்ப்யூட்டரில் மாட்டினால் வரிசையாகக் காட்டும்.

"நேத்து ஓடுன களைப்பு போச்சா இல்லையான்னு இதுவே சொல்லிடும் மச்சான்" என்றான். எந்த மாதிரி எண் வந்தால் நல்லது என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நெய்கிறவனுக்குத் தெரியாதா?

தறியில் ஊடை நூலை அடித்து நெருக்கும் பலகையின் அடி ஒரே சீராக விழ வேண்டும். ஓரடி இறுகி ஓரடி தளர்ந்தால் சேலையில் பட்டை பட்டையாகத் தெரிந்துவிடும். என் சேலையில் யாரும் அப்படி ஒரு பட்டையைக் காட்டியதில்லை.

முதல் நாள் அவள் எண்களைப் பார்த்து முகம் சுளித்தேன். ஆயிரத்து நூறு, அடுத்தது தொள்ளாயிரத்து எழுபது, அடுத்தது ஆயிரத்து நாற்பது. "என்னம்மா இது, கன்னாபின்னான்னு அடிக்குது? இன்னும் பழக்கணும்" என்றேன். அவளும் தறி வீட்டில் பிறந்தவள்தானே, நம்பினாள். பக்கத்து ஊரான ஓரிக்கை வரை ஓடிக்கொண்டிருந்தவள் பாலாற்றைத் தாண்டி ஓட ஆரம்பித்தாள். மாலையிலும் ஓடினாள்.

ஐந்தாறு வாரத்தில் எண்கள் நெருங்கி வந்து கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. நல்ல நெசவைப் பார்ப்பதுபோல் பார்த்துப் பார்த்துப் பூரித்தேன். அவளோ சோற்றுத் தட்டின் முன்னால் தூங்கி விழுந்தாள். பத்து கிலோமீட்டரை ஓடி முடிக்கும் நேரமும் கூடிக்கொண்டே போனது.

"நம்பர் நல்லா இருக்குதுன்றீங்க. கால் வரமாட்டேன்னுதே மாமா."

"உடம்புல ஒண்ணுமில்ல. மனசுலதான் என்னமோ இருக்குது" என்றேன். அதைச் சொன்ன வாயை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

வைகாசியில் பெருமாள் கோயில் கருட சேவை வந்தது. வீடு கொள்ளாத விருந்தாளிகள், தெருவில் கால் வைக்க இடமில்லை. மூன்று நாள் அவள் ஓடவே இல்லை. நாலாம் நாள் காலை பட்டையைக் கட்டிப் பார்த்தால் எண்கள் பழையபடி தாறுமாறு. போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்கு வியர்த்துவிட்டது. அவளிடம் சொல்லாமல் திரையை அணைத்துவிட்டேன்.

ஓடிவிட்டுத் திரும்பியவள் வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றாள். அந்த வருஷத்திலேயே மிகக் குறைந்த நேரத்தில் ஓடி முடித்திருந்தாள்.

திரையை மறுபடி போட்டு அந்த வரிசையை நிதானமாகப் பார்த்தேன். தாறுமாறு இல்லை. எண்கள் மெல்லக் குறைந்து, மெல்லக் கூடி, திரும்பவும் குறைந்தன. அவளைப் படுக்கச் சொல்லி மணிக்கட்டைப் பிடித்தேன். மூச்சை இழுக்கும்போது நாடி விரைந்தது. விடும்போது நிதானித்தது. மூன்று வருஷமாகப் பக்கத்தில் படுத்திருக்கிறேன், இப்படி ஒரு அதிசயம் இவளுக்குள் ஒவ்வொரு மூச்சுக்கும் நடப்பது எனக்குத் தெரியாது. களைத்துப் போனபோதுதான் அந்த நெஞ்சு விறைத்துக்கொண்டு என் பலகை மாதிரி அடித்திருக்கிறது. அதைத்தான் நான் பாராட்டியிருக்கிறேன்.

அண்ணனுக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்டோம். "ஆமாம் மச்சான், ஏறி இறங்கினாத்தான் நல்லது. நான் சொல்லலையா?" என்று பதில் வந்தது. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு எண்கள் நெருங்கிய நாட்களில் ஓடாமல் படுத்துத் தூங்கினாள்.

தேர்வு ஓட்டத்தன்று, பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் அவளுக்குப் பார்த்தோம். அழகாக ஏறி இறங்கியது. அவள் பட்டையைக் கழற்றி, "நீங்க படுங்க மாமா" என்று எனக்குக் கட்டிவிட்டாள். இரவெல்லாம் தூங்காதவன் நான். எழுநூற்று இரண்டு, எழுநூற்று மூன்று, எழுநூற்று ஒன்று, எழுநூற்று இரண்டு.

"நல்லவேளை, ஓடப்போறது நீங்க இல்ல" என்றாள்.

சாயங்காலம் தேறியவர்கள் பட்டியலில் தன் பெயரைப் பார்த்த கையோடு, மைதானத்துக்கு வெளியே இருந்த எஸ்.டி.டி. பூத்தில் நுழைந்து தன் அப்பாவுக்குப் போன் போட்டாள். நான் கதவருகில் நின்றிருந்தேன். அவள் சொன்னது ஒரே வரிதான்.

"அப்பா, நான் வுடல."