பெட்டிமேல் வைத்த கை

எழுபதுகளில் காக்களூரில் தகடு வெட்டும் மிஷின் ஓட்டிய நாங்கள் ஐந்து பேர், ஓர் இங்கிலீஷ் பேண்டுக்குப் பைத்தியம். எங்களிடம் இருந்தது ஒரே இசைத்தட்டு. அதில் எது சிறந்த பாட்டு என்று ஞாயிறுதோறும் சீட்டு எழுதிப் போட்டுச் சண்டை பிடிப்போம்.

ஒருவன் மட்டும் எப்போதும் டிரம்ஸ் அதிரும் கடைசிப் பாட்டுக்கே ஓட்டுப் போடுவான். காரணம் கேட்டால் சிரிப்பான். பாட்டு ஓடும்போது ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து கையை எடுக்கவே மாட்டான். மற்றப் பாட்டுகளுக்குத் திருட்டுத்தனமாகச் சத்தத்தைக் குறைக்கிறான் என்றே நினைத்தேன். ஒருநாள் ஆத்திரத்தில் அந்தக் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

"காது போயி ஒரு வருசமாவுது. அந்த ஒரு பாட்டுதான் கைக்கு நல்லாக் கேக்குது. கம்பெனில சொல்லிடாதப்பா" என்றான்.

மூன்று வருடமாக அவனுக்கு அடுத்த மிஷினில் நின்றவன் நான்.