வீடு காட்டிய நாள்

இத்தாலியின் பலேர்மோவில் வீட்டுவேலை செய்யும் எங்கள் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலையை விட்டுப் போகிறவள் சும்மா போவதில்லை. தெரிந்த ஒருத்தியைக் கூட்டிப்போய், ஒரு நாள் முழுக்க வீடு காட்டிக் கொடுப்பாள். பக்கத்து ஊரான பகேரியாவில் ஆறு வருடம் நான் துடைத்த வீட்டை, கோயிலில் பழக்கமான ஒரு மன்னார்ப் பெண்ணுக்கு அப்படித்தான் காட்டினேன். என்னிலும் பதினைந்து வயது இளையவள். என்னை அக்கா என்பாள்.

எந்தத் துணி பளிங்குக்கு, எது மரத்துக்கு. வீட்டுக்காரி சிஞ்ஞோராவின் கோப்பிக்குச் சீனி இல்லை. மருந்துப் பெட்டி இங்கே. எல்லாம் சொன்னேன். கடைசியில் அடுப்படியில், குசினிக்குள் நின்று, குரலைத் தாழ்த்தி:

"சிஞ்ஞோராவின்ரை மகன் வந்தால் முதல் பால்கனிக் கதவைத் திற. உடுப்புக் காயப்போடுறமாதிரி அங்கையே நில்."

"ஏனக்கா, அவருக்குப் புழுக்கமோ?"

"ஓம்."

அந்த ஓமை நான் என்ன செய்வது? நிலத்தில் கொட்டிய பாலென்றால் துடைத்திருப்பேன். துடைப்பதுதானே என் தொழில்.

விருந்தினர் வந்தால் சிஞ்ஞோரா என்னைக் காட்டிச் சொல்வாள்: "இவர்கள் நல்ல சனம், சத்தமே இராது." பெரிய பாராட்டு. அந்தப் பாராட்டை நம்பித்தான் மகனும் குசினிக்குள் வந்தான்.

வைகாசியில் ஒரு பகல், பலேர்மோவின் அல்பெர்கேரியாவில் என் வீட்டுப் படிகளில் அந்த மன்னார்ப் பெண் ஏறி வந்தாள். முழங்கையில் நீலம் பாரித்திருந்தது. கையில் நிலம் துடைக்கும் தடி. பகேரியாவிலிருந்து ரயிலிலும் அதைப் பிடித்தபடியே வந்திருக்கிறாள்.

"டிக்கெட் பாக்க வந்தவர் தள்ளியே நிண்டிட்டார் அக்கா," என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறொன்றாகியது.

பொலிசில் முறைப்பாடு செய்ய வேண்டும் என்றாள். கோயிலில் ஒரு மாமி காதோடு சொன்னாள்: "ஒருத்தி வாய் திறந்தா, எங்களில ஒருத்தரையும் பிறகு வீட்டுக்குள்ளை விடாயினம் பிள்ளை." நான் மறுத்துப் பேசவில்லை. இப்போது நான் வேலை செய்வது அதே சிஞ்ஞோராவின் தங்கை வீட்டில். என் வதிவிட அட்டை, அந்த பெர்மெஸ்ஸோ, அந்த வேலை ஒப்பந்தத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

பல்லாரோ சந்தைக்குப் பின்னால், இரண்டாம் மாடியில், எங்களைப் போன்ற பெண்களுக்கு உதவ ஓர் அறை இருக்கிறது. அதை நடத்துபவள் நைஜீரியத் தாய்க்கு இங்கே பிறந்தவள். அவளுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க நான் போனேன். மொழிபெயர்க்க மட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அக்கா, அழுதா நம்புவினமோ, அழாட்டி நம்புவினமோ?" படியில் நின்று கேட்டாள்.

அறையை நடத்தும் அந்தப் பெண் இவளை எதுவும் கேட்பதற்கு முன்னமே, நான் உன்னை நம்புகிறேன் என்றாள். நீ சொல்லாமல் ஒரு தாளும் பொலிசுக்குப் போகாது என்றாள். தண்ணீர் வார்த்துக் கொடுத்தாள். பிறகுதான் கதை வந்தது.

"அவர் வந்தார். அக்கா சொன்னமாதிரி பால்கனிக் கதவைத் திறந்தனான். அவர் சிரிச்சுப்போட்டுப் பூட்டினார். 'நீயுமோ?' எண்டு கேட்டவர். எனக்கு அது விளங்கேல்லை."

எனக்கு விளங்கியது. நான் சொல்லித்தான் கதவைத் திறந்தாள் என்பதுவரை இத்தாலியனில் சொல்லி நிறுத்தினேன். கீழே சந்தையில் மீன்காரன் கூவிக்கொண்டிருந்தான்.

அந்தப் பெண் அவசரப்படுத்தவில்லை. எங்களை, நைஜீரியப் பெண்களை, எதற்கும் சம்மதிப்பவர்கள் என்று சொல்வார்கள், உங்களை, தமிழ்ப் பெண்களை, எதையும் வெளியே சொல்லாதவர்கள் என்று சொல்வார்கள், அவனைப் போன்றவனுக்கு இரண்டும் வசதிதான் என்றாள். பிறகு என்னைப் பார்த்து மெதுவாக: அந்தக் கதவைத் திறக்கச் சொன்னாயே, ஏன்?

சொன்னேன். ஆறு வருடத்தையும் இரண்டு மொழியிலும் சொன்னேன். தமிழில்தான் கூடுதலாகத் தடுமாறினேன்.

இளையவள் தண்ணீர்க் குவளையை மேசையில் வைத்தாள்.

"மருந்துப் பெட்டியைக் கூடக் காட்டினனீங்கள் அக்கா."

என் பெயரையும் சாட்சியாக எழுதுங்கள் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். ஒப்பந்தத்தைப் பற்றியும் அவளிடம் சொன்னேன். வழக்கறிஞரோடு பேசுவோம் என்றாள். பயப்படாதே என்று அவள் சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது.

இறங்கும்போது இளையவள் எனக்கு மூன்று படி முன்னால் போனாள். திரும்பாமலே கேட்டாள்:

"செவ்வாய்க்கிழமை பொலிசுக்கு வருவியளோ?"

"ஓம்."

"அண்டைக்குச் சொன்ன ஓமோ, இல்லாட்டி வேறை ஓமோ?"

"வேறை."

அவள் நம்பினாளோ தெரியாது. சந்தைக்குள் தனியாக நடந்தாள். அவள் தடி இன்னும் என் வீட்டுக் கதவடியில் சாய்ந்திருக்கிறது.